கோட்டை பேண்டு வாத்தியம் கச்சேரி மேடைக்கு வந்த கதை... மணலியில் தொடங்கிய வயலின் பயணம்!

மணலி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, வரிசைகட்டி நிற்கும் டேங்கர் லாரிகள். அப்படியே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பேட்டைகள். இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேட்டால் தூசியையும் டிராஃபிக்கையும்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால், கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கிறார்களே வயலின்... அந்த வாத்தியம் நம்ம ஊர் சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல்களில் முக்கியமானது இந்த மணலிதான். அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தது எந்த அரண்மனையும் அல்ல. கிழக்கிந்திய கம்பெனியின் மிலிட்டரி பேண்டு!

"மிலிட்டரி பேண்டில் வயலினா? டிரம்பெட், டிரம்ஸ்தானே இருக்கும்?" என்று கேட்கத் தோன்றும். குடியரசு தின அணிவகுப்பை டி.வி-யில் பார்த்து வளர்ந்த எனக்கும் அதே சந்தேகம்தான். அதைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில்தான் இந்தக் கதை கிடைத்தது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ பேண்டுக்காரர்களுக்கு இரண்டு வேலை. பகலில் அணிவகுப்பு. அதற்குக் காற்று வாத்தியங்கள் வேண்டும். திறந்தவெளியில் நூற்றுக்கணக்கான பூட்ஸ் சத்தத்தை மீறி வயலின் கேட்காது. நடந்துகொண்டே வாசிப்பதும் சிரமம். மழையும் வெயிலும் அந்த மரப்பெட்டிக்கு ஆகவே ஆகாது. ராத்திரியானால் அதிகாரிகளின் விருந்து, நடனம். அறைக்குள் கிளாரினெட்டும் கொம்பும் ஊதினால் காது கிழிந்துவிடும். அங்கே வயலின்தான் ராஜா. அதனால் ஒரே ஆள் இரண்டு வகைக் கருவியும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். 1762-ல் பிரிட்டனின் ராயல் ஆர்ட்டிலரி படைக்கு பேண்டு அமைத்தபோது, ஆள் எடுக்கும் நிபந்தனையிலேயே இது இருந்தது. காற்று வாத்தியம் மட்டும் தெரிந்தால் போதாது, வயலின், செல்லோ போன்றவையும் வாசிக்க வேண்டும்!

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலும் அப்படித்தான் பேண்டு இசை ஒலித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்கப் போனவர்களில் மணலியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் உண்டு.

துபாஷி வீட்டுப் பிள்ளைகள்

மணலி முத்துகிருஷ்ண முதலியார் கம்பெனி காலத்து துபாஷி. அதாவது வெள்ளைக்கார அதிகாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு, வியாபாரம், பேரம் எல்லாம் பார்த்தவர். சென்னை கவர்னராக இருந்த பிகாட்டின் துபாஷி என்றால், எவ்வளவு செல்வாக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூக்கடையில் இருக்கும் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள் இன்றைய இடத்தில் எழும்பியதற்கும் இவர்தான் முக்கியக் காரணம்.

திருவாரூரில் இருந்த ராமசாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தது இந்தக் குடும்பம்தான். ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுகிறவர் ராமசாமி தீட்சிதர். முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ராமசாமி தீட்சிதர் அவர்மீது 108 ராகங்களும் தாளங்களும் கொண்ட ஒரு ராகதாளமாலிகையே பாடினார்.

தீட்சிதருக்கு மூன்று மகன்கள். முத்துசுவாமி, சின்னசாமி, பாலுசாமி. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். காசிக்குப் போய் குருவுடன் இருந்துவிட்டு மணலிக்குத் திரும்பியவர், அங்கிருந்து திருத்தணி போனார். அங்கே முருகன் சந்நிதியில் பாடியதுதான் அவருடைய முதல் கிருதி என்பார்கள். ஒரு முதியவர் வந்து வாயில் கற்கண்டைப் போட்டார், பாட்டு வந்தது என்ற கதையை நம் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். மணலி, திருத்தணி... திருவள்ளூர் பக்கத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இது போதாதா!

சின்னையா முதலியார் இந்தச் சகோதரர்களை கோட்டைக்கு அழைத்துப் போவார். பேண்டு இசை கேட்பார்கள். ஒருவர் காதில் மெட்டு விழுந்தது. இன்னொருவர் கண் வாத்தியத்தின்மீது விழுந்தது.

மெட்டைப் பிடித்துக்கொண்டவர் முத்துசுவாமி. பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 பாட்டுகள். நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர். அதில் வரும் "நோட்டு" வேறெதுவும் இல்லை, ஆங்கில நோட்தான்! "சந்ததம் பாஹிமாம்" என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே இருக்கும். அரசரைக் காப்பாற்றச் சொல்லிக் கடவுளிடம் கேட்ட மெட்டு, நேராக அம்மனிடம் கேட்கப் போய்விட்டது. எல்லாமே சங்கராபரணம் அடிப்படை. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே ஸ்வர வரிசை என்பதால், கமகம் இல்லாமல் நேராக வாசித்தால் பேண்டு வாடை அப்படியே வரும். இன்றைக்கும் பாட்டு கிளாஸில் சேரும் குட்டிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டவர் கடைக்குட்டி பாலுசாமி. 1786-ல் பிறந்தவர்.

மூன்று வருஷப் பாடம்

பாலுசாமிக்கு வயலின்மீது ஆசை என்று தெரிந்ததும் சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரை ஏற்பாடு செய்து, மூன்று வருஷம் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்தார். பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் எழுதிவைத்த குடும்ப வரலாற்றின் மூலம் நமக்குக் கிடைக்கும் செய்தி இது. அந்த வாத்தியாரின் பெயர் நிலைக்கவில்லை. 'ஓர் ஐரோப்பியர்', அவ்வளவுதான். கோட்டை பேண்டைச் சேர்ந்தவர் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

எனக்கு இந்த மனிதர்மீதுதான் ஆர்வம் அதிகம். ஊரைவிட்டு ஆறு மாதம் கப்பலில் வந்து, சம்பளத்துக்காகப் பகலில் ஊதி, ராத்திரி வில் போட்டு, நடுவில் கிடைத்த நேரத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என்ன மொழியில் பேசியிருப்பார்கள்? ஆசாரமான குடும்பம், பாடம் எங்கே நடந்திருக்கும், திண்ணையிலா? துபாஷி வீடாயிற்றே, மொழிப் பிரச்னைக்கு அங்கேயே ஆள் இருந்திருக்கும்.

கற்றுக்கொண்டதைவிட, கற்றதை பாலுசாமி என்ன செய்தார் என்பதுதான் விஷயம். வீணைக்கு மெட்டு உண்டு. புல்லாங்குழலுக்குத் துளை உண்டு. வயலினுக்கு விரல் வைக்கும் பலகையில் எந்தத் தடுப்பும் கிடையாது. விரலை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வில்லை இழுக்க இழுக்க ஒலி நிற்காமல் வரும், பாடகரின் குரல்போல. அன்றைக்குக் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக இருந்த வீணையில் இந்த நீளமான ஒலி கிடைக்காது.

வெள்ளைக்காரர் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினை இடுக்கி வாசித்தார். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்கால்மீது ஊன்றிக்கொண்டார்கள். இது சும்மா பழக்கதோஷம் அல்ல. மேற்கத்திய முறையில் இடது கை வாத்தியத்தைத் தாங்கும் வேலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலில் ஊன்றிவிட்டால் கைக்கு அந்தப் பாரம் இல்லை. விரல் தாராளமாக மேலும் கீழும் ஓடலாம். தந்திகளின் சுருதியையும் மாற்றிக்கொண்டார்கள். நான்கு தந்தியும் அங்கே நான்கு வெவ்வேறு ஸ்வரங்கள். இங்கே ஸட்ஜம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், பஞ்சமம். இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே ஆள், ஒரே நாளில் செய்தவை என்று சொல்ல முடியாது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் சீடரான அவருக்கு, 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். மணலியில் பாடம் தொடங்கி ஒரு தலைமுறைக்குள் மிலிட்டரி ஃபிடில் தந்தம் கட்டும் அளவுக்கு உயர்ந்துவிட்டது, பாருங்கள்.

பாலுசாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணன் முத்துசுவாமியும் கடைசியில் அங்கேயே வந்து 1835-ல் காலமானார். பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் மறைந்தபோது, எட்டயபுரத்துக்காரரான பாரதியார் அவருக்காக இரங்கல் கவிதை எழுதினார். கோட்டை பேண்டிலிருந்து பாரதி வரை வந்துவிட்டோம்!

பேண்டிலேயே வாழ்ந்த வயலின்காரர்

பாலுசாமி பேண்டிலிருந்து வாத்தியத்தை வெளியே கொண்டுவந்தவர். பேண்டுக்குள்ளேயே இருந்து, வயலினோடு வாழ்க்கையைக் கழித்த இந்தியர் யாராவது உண்டா என்று தேடினால் ஒரு பெயர் கட்டாயம் வரும். கேப்டன் ராம் சிங் தாக்குரி.

அவர் பிறந்த தேதியே ஒரு வேடிக்கை. 1914 ஆகஸ்ட் 15. இமயமலை அடிவாரத்தில், தர்மசாலாவுக்குப் பக்கத்துக் கிராமம். கூர்க்கா குடும்பம். சிறுவனாக இருக்கும்போதே கூர்க்கா ரைஃபிள்ஸ் படையின் பேண்டில் சேர்ந்துவிட்டார். அங்கேயும் அதே பழைய விதி. பிராஸ் பேண்டும் கற்க வேண்டும், ஸ்ட்ரிங் பேண்டும் கற்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்களிடம் வயலின் கற்றார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ராம் சிங்கின் படை மலேயாவுக்குப் போனது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். ராம் சிங்கும் கைதி. இந்திய தேசிய ராணுவம் உருவானபோது அதில் சேர்ந்தார். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கிய பிறகு அவர் வாழ்க்கை மாறியது. ராம் சிங்கின் இசையைக் கேட்ட நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசாகக் கொடுத்தார்.

"கதம் கதம் படாயே ஜா" தெரியும்தானே? அதற்கு மெட்டுப் போட்டவர் ராம் சிங். எழுதியவர் வன்ஷிதர் சுக்லா. ஆசாத் ஹிந்த் அரசின் தேசிய கீதமான "சுப் சுக் சைன்" பாட்டின் இசையிலும் அவர் கை உண்டு. தாகூரின் "ஜன கண மன"வைத் தழுவி அபித் ஹசன் இந்துஸ்தானியில் எழுதியது அது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து ஐ.என்.ஏ-வில் சேர்ந்த தமிழ்ப் பையன்களும், கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணி படையில் அணிவகுத்த தமிழ்ப் பெண்களும் இந்த மெட்டுக்குத்தான் காலடி வைத்தார்கள். அவர்களில் பலருக்கு இந்தி தெரியாது. அணிவகுப்புப் பாட்டில் வார்த்தை புரியாவிட்டாலும் கால் புரிந்துகொள்ளும்.

போர் முடிந்தது. ஐ.என்.ஏ தோற்றது. மறுபடி கைதி. சுதந்திரம் கிடைத்த 1947 ஆகஸ்ட்டில் செங்கோட்டையில் நேரு உரையாற்றிய நிகழ்வில் ராம் சிங்கும் அவர் குழுவும் வாசித்தார்கள். கைதியாக டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு அதே டெல்லியில் இந்த மேடை.

அதன்பிறகு நடந்தது அவ்வளவு இனிப்பானது அல்ல. ஐ.என்.ஏ-வில் இருந்தவர்களை சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு படைவீரருக்குக்கூட வேறு வேலை கிடைக்கலாம். ராணுவ பேண்டில் வளர்ந்த ஓர் இசைக்காரருக்கு? சிறுவயதிலிருந்து தெரிந்த ஒரே தொழிலின் கதவு மூடிவிட்டது. கடைசியில் உத்தரப்பிரதேச அரசு அவரை ஆயுதப் போலீஸ் பேண்டுக்கு எடுத்துக்கொண்டது. லக்னோவில் அந்த பேண்டை வளர்த்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐ.என்.ஏ-காரர்கள் உள்ளிட்டவர்களுக்கான சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டத்தை மத்திய அரசு 1972-ல்தான் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ராம் சிங் 2002-ல் காலமானார். அவர் மெட்டுப் போட்ட பாட்டை, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாத அதே இந்திய ராணுவம் இன்றைக்கும் அணிவகுப்பில் வாசிக்கிறது.

இப்போது சேர முடியுமா?

இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதே, "இதெல்லாம் சரி, இன்றைக்கு வயலின் கற்ற பையனுக்கோ பெண்ணுக்கோ ராணுவத்தில் வேலை உண்டா?" என்ற கேள்வி கூடவே வந்தது. உண்டு. நம்ம ஆவடியிலேயே விமானப்படை நிலையம் இருக்கிறது. ஆனாலும், இசைக்கு என்று தனியாக ஆள் எடுக்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை.

விமானப்படைக்கு வழக்கமான பேண்டோடு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவும் இருக்கிறது. கடற்படையும் தந்தி வாத்தியங்களுடன் மேடைக் கச்சேரிகள் செய்கிறது. 2022-ல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு இவற்றுக்கும் அக்னிவீர் முறையில்தான் ஆள் எடுக்கிறார்கள். விமானப்படையில் "அக்னிவீர் வாயு (மியூசிஷியன்)" என்று பெயர். பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும். வயது பதினேழரையிலிருந்து 21-க்குள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சமீபத்திய அறிவிப்புகளில் பெண்களும் விண்ணப்பிக்கலாம். வாத்தியப் பட்டியலில் டிரம்பெட், சாக்ஸபோனோடு வயலினும் வயோலாவும் இருக்கின்றன. வில் பிடிக்கிற கை என்பதால் சலுகை எதுவும் கிடையாது. 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு, மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

சம்பளம்? முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவிகிதம் நிதியாகப் பிடித்துக்கொண்டு, கைக்கு 21,000 வரும். நான்காவது வருஷம் 40,000 ஆகிறது. நான்கு வருஷம் முடிந்து வெளியே வரும்போது, அரசின் பங்கையும் சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரு தொகை. பென்ஷன் கிடையாது. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு வைத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மற்ற பிரிவுகளுக்கு இந்த நான்கு வருஷக் கணக்கு சரியா, தவறா என்று பெரியவர்கள் விவாதிக்கட்டும். வயலினில் ஒரு பிள்ளைக்குக் கை நிற்கவே பல வருஷங்கள் ஆகும். பத்து வயதில் தொடங்கினால் பதினெட்டில்தான் தேர்வுக்குத் தயாராக முடியும். கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும் பக்குவம் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் போன பிறகுதான் வரும். அது வருகிற நேரத்தில் நான்கு வருஷம் முடிந்திருக்கும். மறுபக்கம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை, தான் விரும்பிய வாத்தியத்தை வாசித்தே மாதச் சம்பளம் வாங்குவது என்பது சாதாரண விஷயமும் இல்லை. பிள்ளை வாத்தியத்தைத் தூக்கினாலே "இது சோறு போடுமா?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு பதிலாவது கிடைக்கும். சேர்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

கற்றுக்கொள்ள வசதி வேண்டாமா என்றால், தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் வயலின் மூன்று வருஷப் படிப்பாக இருக்கிறது. சென்னை அடையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தேவாலயங்களின் பாடகர் குழுக்களில் மேற்கத்திய முறையில் கற்கும் பிள்ளைகளும் உண்டு.

மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தால்தான் எடுப்பார்கள் என்ற பயம் பல பெற்றோருக்கு இருக்கும். அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஸ்டாஃப் நொட்டேஷன், டானிக் சோல்ஃபா, இந்துஸ்தானி, கர்நாடக முறை என எதில் கற்றிருந்தாலும் வாசித்துக் காட்டலாம். உங்கள் வாத்தியத்துக்கு நீங்களே சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும். தேர்வாளர் கொடுக்கும் ஸ்வரத்தைக் காதால் கேட்டு அப்படியே திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும். கோட்டையில் பேண்டு கேட்டுவிட்டு மணலிக்குத் திரும்பிய அண்ணன் தம்பிகள் செய்ததும் ஏறக்குறைய அதைத்தான்.